ரோமில் ஒரு வார இறுதி: கொடுப்பதற்கும் இடம் வைத்துத் திட்டமிடுவது எப்படி?

ரோமுக்கு முதல்முறை போனபோது வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு இரவு கிளம்புவதாகத் திட்டம். ஆலயங்களைப் பார்க்க வேண்டும், அந்த ஊர் ஏழைகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையோடுதான் கிளம்பினேன். ஞாயிறு மாலை ட்ரஸ்தேவெரே பகுதியில் சாந்தா மரியா பேராலயத்தின் வாசலில் ஒரு மூதாட்டி கை நீட்டினார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஐம்பது யூரோ நோட்டு. அது ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டும். ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனேன். அன்று இரவு விமானத்தில் தூக்கமே வரவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிப்போய் விடுதியில் சேர்த்துக் கவனித்த நல்ல சமாரியர் பற்றிய இயேசுவின் உவமையை எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறேன்! அவரும் ஒரு பயணி என்பது அன்றுதான் உறைத்தது. அவருக்கும் போக வேண்டிய இடம் இருந்தது. ஆனால் கையில் எண்ணெயும் திராட்சை மதுவும் இருந்தன, பையில் இரண்டு தெனாரியம் என்ற வெள்ளிக் காசு இருந்தது, ஓர் இரவு தங்கிப் போகவும் நேரம் இருந்தது. என்னிடம் இரக்கம் இருந்தது, மற்ற எதுவும் இல்லை.

அடுத்த முறை போகும்போது விசாவுக்குத் தயாரான அதே கவனத்தோடு இதற்கும் தயாரானேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்களுக்கும், ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

1. விமானச் சீட்டுக்கு முன்பே ஒரு தொகையை ஒதுக்குங்கள்

செலவுப் பட்டியல் போடும்போது கொடுக்கப்போகும் தொகையை முதல் வரியில் எழுதுங்கள். கடைசியில் எழுதினால் மிச்சம் இருப்பதுதான் போகும். பயணத்தில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. அறுவடையின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று பழைய ஏற்பாட்டில் ஒரு கட்டளை உண்டு. அந்த ஓரத்தை அறுத்து முடித்த பிறகு விட முடியாது.

எவ்வளவு ஒதுக்குவது? நான் ஓர் எளிய கணக்கு வைத்துக்கொண்டேன். ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்டு எவ்வளவு கட்டுகிறேனோ அதே தொகையை அந்த நகரத்தின் ஏழைகளுக்கும் எடுத்து வைத்தேன். உங்கள் வசதிக்கு இது கூடவோ குறையவோ இருக்கலாம். ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைத்தான் இயேசு பெரிதாகச் சொன்னார். தொகை சிறியது என்று கூச வேண்டாம், முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

நேரத்திலும் ஓர் ஓரம் வேண்டும். 48 மணி நேரத்தில் 4 மணி நேரத்தை எந்தச் சீட்டும் முன்பதிவும் இல்லாமல் காலியாக விடுங்கள். பணம் ஒதுக்குவதைவிட எனக்கு இதுதான் கடினமாக இருந்தது.

2. எந்த வார இறுதி?

நவம்பர் நடுவில் போக முடிந்தால் நல்லது. திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த உலக வறியோர் நாள் 2017 முதல் ஆண்டுதோறும் அந்த மாதத்தின் ஒரு ஞாயிறன்று வருகிறது. கூட்டமும் கோடையைவிடக் குறைவு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், சிறிய உணவகங்கள் பலவும் மூடியிருக்கும்.

திருத்தந்தையின் பொது மறைக்கல்வி உரை புதன்கிழமைகளில்தான் நடக்கும், வார இறுதியில் கிடையாது. ஞாயிறு நண்பகல் புனித பேதுரு சதுக்கத்தில் மக்களோடு அவர் சொல்லும் மூவேளை செபத்தில் அவரைப் பார்க்கலாம். அவர் அந்த ஞாயிறு ரோமில் இருக்கிறாரா என்று மட்டும் வத்திக்கானின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் சில வாரங்கள் வேறு ஊரில் இருப்பார்.

3. விசா: ஆவணங்கள், செலவு, காலம்

எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது: நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில் உள்ள இத்தாலியத் தூதரகத்தில் அல்லது அது நியமித்த விசா மையத்தில். ஒரே பயணத்தில் இன்னொரு ஷெங்கன் நாட்டுக்கும் போகிறீர்கள் என்றால், அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

எப்போது: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம். விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்குவதற்கே சில ஊர்களில் பல வாரங்கள் ஆகின்றன. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வெறும் இரண்டு நாள் பயணம்தானே என்று நினைத்து நான் ஐந்து வாரம் முன்புதான் தொடங்கினேன். விசா கைக்கு வந்தது கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை.

என்னென்ன வேண்டும்: கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம், போகவர விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், பயண நோக்கத்தைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம். கையில் பணம் இருப்பதைக் காட்டுவதற்கு இத்தாலி ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு 5 நாள்வரையிலான பயணத்துக்கு 269.60 யூரோ. இது குறைந்தபட்சம்தான், கணக்கில் இதைவிடத் தாராளமாக இருக்கட்டும்.

காப்பீடு: இதில்தான் நான் மாட்டினேன். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். நான் வாங்கிய காப்பீட்டில் இத்தாலி என்று மட்டும் போட்டிருந்தது. மையத்தில் இருந்தவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கேயே நின்று கைப்பேசியில் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. வாங்கும்போதே எந்தெந்த நாடுகள் என்ற வரியைப் படித்துப் பாருங்கள்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பி வராது, அதனால் ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டை விசாவுக்கு முன்பு வாங்காதீர்கள்.

பயண நோக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழைகளுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று சிலர் உற்சாகமாக எழுதிவிடுகிறார்கள். வேலை செய்யப் போவதாகப் பொருள்பட்டால் வேறு கேள்விகள் எழும். நீங்கள் போவது சுற்றுலாவுக்கும் ஆலய தரிசனத்துக்கும். உள்ளதை அப்படியே எழுதினால் போதும்.

4. தங்கும் இடம்

ரோமில் துறவற சபைகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. எளிமையான, சுத்தமான அறைகள். நீங்கள் கொடுக்கும் வாடகை அந்தச் சபைகளுக்குப் போகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பல இல்லங்களில் இரவு 11 மணிபோலக் கதவைப் பூட்டிவிடுவார்கள். விமானம் தாமதமானால் தெருவில் நிற்க வேண்டிவரும். முன்பதிவு செய்யும்போதே உங்கள் விமான நேரத்தைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை வாடகைக்கு மேல் நகர வரி உண்டு, விடுதியிலேயே கேட்பார்கள். மூன்று நட்சத்திர விடுதியில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50 யூரோ. ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம்.

5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில், 14 யூரோ, 32 நிமிடம். ட்ரஸ்தேவெரே பக்கம் தங்குகிறீர்கள் என்றால் எஃப்எல்1 என்ற உள்ளூர் ரயில் போதும், 8 யூரோ. அந்த ரயில் டெர்மினிக்குப் போகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். நகருக்குள் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் 1.50 யூரோ சீட்டு, 100 நிமிடம் செல்லும்.

குடிவரவு வரிசைக்கும் நேரம் வையுங்கள். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. முதல்முறை நுழைகிறவர்களைப் படம் எடுத்துப் பதிவு செய்வதால் வரிசை மெதுவாக நகரும்.

6. சில்லறை மாற்றுங்கள்

முதல் பயணத்தில் என்னைத் தலைகுனிய வைத்தது சில்லறை இல்லாததுதான். எல்லாவற்றுக்கும் அட்டையைத் தட்டிவிட்டே இரண்டு நாளும் கழிந்துவிடும், காசு கையில் சேரவே சேராது. அதனால் இறங்கியதும் ஒரு காப்பி, ஒரு ரயில் சீட்டு என்று நோட்டைக் கொடுத்து மாற்றி 1, 2 யூரோ காசுகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒதுக்கிய 90-இல் 30 யூரோவைக் காசாக மாற்றித் தனிப் பையில் போட்டேன், 60-ஐ அமைப்புகளுக்கு வைத்தேன். அந்தப் பையிலிருந்து என் செலவுக்கு ஒரு காசும் எடுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். இதுதான் கையின் தயக்கத்தைப் போக்கியது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கொடுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. அந்தப் பணம் ஏற்கெனவே என்னுடையது இல்லை.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். ரோமின் தெருக்களில் ஏறக்குறைய 2,500 குடிநீர்க் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாயைப் பார்த்து ஊர்க்காரர்கள் நசோனே, அதாவது பெரிய மூக்கு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நல்ல தண்ணீர், காசில்லாமல், யார் வந்தாலும். காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

7. சனிக்கிழமை

பார்க்க வேண்டியதையெல்லாம் அடுக்காதீர்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் போவதாக இருந்தால் சனி காலை முதல் வேளைக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். சீட்டு 20 யூரோ, முன்பதிவுக்கு 5 யூரோ கூடுதல். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம்தான், ஆனால் அன்று வரிசை காலையையே விழுங்கிவிடும்.

மதியத்துக்கு மேல் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி ஆலயம். இடைவேளைக்கு மூடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள். வரி வசூலிக்கும் மேசையிலிருந்து மத்தேயுவை இயேசு அழைக்கும் கரவாஜியோவின் ஓவியம் அங்கே இருக்கிறது. கட்டணம் கிடையாது. சிற்றாலயம் இருட்டாக இருக்கும், பக்கத்துப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். யாராவது போடுவார்கள் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் போடுங்கள். ஒரு காசில் முப்பது பேருக்கு வெளிச்சம். நான் அங்கே நின்ற அரை மணி நேரத்தில் அறிமுகமே இல்லாத மூன்று பேர் மாறி மாறிக் காசு போட்டார்கள்.

அருகிலேயே பாந்தியன், ஆலயமாக மாறிய பழைய ரோமானியக் கோயில். நுழைவு 5 யூரோ, அதில் 30 விழுக்காடு ரோம் மறைமாவட்டத்துக்குப் போகிறது. அதன் அறப்பணிகளுக்கும் அது பயன்படுகிறது. அடுத்து சான் லொரென்சோ இன் லூசினா ஆலயம். திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவந்து ஒப்படை என்று ஆட்சியாளர் கேட்டபோது, ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தி இவர்களே அந்தச் செல்வம் என்று காட்டிய திருத்தொண்டர் லாரன்சின் பெயரில் இருப்பது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ட்ரெவி நீரூற்றில் காசு போடலாம். அது வீணாகாது, திரட்டி ரோமின் கத்தோலிக்க அறப்பணி அமைப்பான காரித்தாசுக்குக் கொடுக்கிறார்கள், ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் சேருகிறது. அங்கே நெரிசலில் பை பத்திரம்.

மாலை ட்ரஸ்தேவெரே. 1968-இல் பள்ளி மாணவர்கள் சிலர் தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பான சான் எஜிதியோ குழுமத்தின் இருப்பிடம் இது. சாந்தா மரியா பேராலயத்தில் அவர்கள் நடத்தும் மாலை செபத்துக்கு யாரும் போகலாம். நேரத்தை அன்றே சரிபாருங்கள். மாற்றுத்திறனாளிகள் பணிபுரியும் அவர்களுடைய உணவகமும் பக்கத்தில் உண்டு. ஓர் இரவுச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், சனி இரவுக்கு முன்பதிவு அவசியம்.

அவர்களுடைய உணவு வழங்கலில் நானும் நிற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்பு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். பசித்தவர் வாரம் முழுவதும் அந்த ஊரில்தான் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த முகம் வேண்டும். ஒருநாள் வந்து பரிமாறிவிட்டுப் போகிறவரால் அவருக்குப் பெரிய நன்மை இல்லை. சமாரியரும் இதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் தன் வழியில் போனார், ஆனால் பணத்தை அங்கேயே இருக்கப்போகும் விடுதிக்காரரிடம் ஒப்படைத்தார். என் 60 யூரோவைப் பாதி சான் எஜிதியோவுக்கும் பாதி காரித்தாசுக்கும் அவர்களுடைய இணையதளங்கள் வழியாகவே கொடுத்தேன். தெருவில் அட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அங்கே கொடுக்காதீர்கள்.

8. தெருவில் கை நீட்டுகிறவர் முன்னால்

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்று முகம் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். பகலில் புவோன்ஜோர்னோ, மாலையில் புவோனாசேரா. முடிந்தால் பெயர் கேளுங்கள்: கோமே ஸி கியாமா? பெயர் முக்கியம். 1983 ஜனவரி 31 அன்று டெர்மினி நிலையத்தில் மொதெஸ்தா வலெந்தி என்ற வீடற்ற மூதாட்டி இறந்தார். அழுக்காக இருந்தார் என்று ஆம்புலன்சில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். இன்று ரோமில் வீடற்றவர்கள் முகவரி பதிவு செய்வதற்கென்று நகராட்சி வைத்திருக்கும் தெருவின் பெயர் வியா மொதெஸ்தா வலெந்தி. அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு டெர்மினியில் இறங்கினால் அங்கே படுத்திருப்பவர்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

காசு கொடுத்தால் கையில் கொடுங்கள், தூரத்திலிருந்து போடாதீர்கள். உணவு வாங்கிக் கொடுப்பதென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். சர்க்கரை நோய் இருக்கலாம், பல் இல்லாமல் இருக்கலாம், அப்போதுதான் சாப்பிட்டிருக்கலாம். நான் கேட்காமல் வாங்கிக் கொடுத்த ரொட்டியை ஒருவர் மெல்ல முடியாமல் திருப்பிக் கொடுத்தார். சூடான பானம் கேட்டார், வாங்கி வந்தேன்.

குழந்தைகளிடம் பணம் கொடுக்க வேண்டாம். சிறுவர்களைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது இத்தாலியில் குற்றம். நாம் கொடுக்கக் கொடுக்க அந்தக் குழந்தை நாளையும் தெருவுக்கு அனுப்பப்படும்.

படம் எடுக்காதீர்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்றால் கைப்பேசிக்கும் தெரியக்கூடாது.

பொறிகளும் உண்டு. பரிசு என்று சொல்லிக் கையில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள், கையை நீட்டாதீர்கள். கையெழுத்து வாங்கும் அட்டையோடு வந்து சூழ்ந்துகொண்டால் விலகி நடங்கள், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பையைத் திறப்பார். இலவசமாகக் கிடைக்கும் திருத்தந்தை நிகழ்ச்சிச் சீட்டுகளை விற்க வருவார்கள், வாங்காதீர்கள். தாராளமாக இருப்பதும் ஏமாறுவதும் ஒன்றல்ல. ஆனால் ஒருமுறை ஏமாந்தோம் என்பதற்காக அடுத்தவர் முன்னால் கையை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

9. ஞாயிறு

காலையில் புனித பேதுரு பேராலயத்துக்கு முடிந்தவரை சீக்கிரம் போங்கள். நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வழக்கமான ஞாயிறு திருப்பலிக்குச் சீட்டு தேவையில்லை. பிறகு சதுக்கத்திலேயே இருந்தால் 12 மணிக்கு மூவேளை செபம்.

காத்திருக்கும் நேரத்தில் சதுக்கத்தில் உள்ள அந்த வெண்கலப் படகைப் பாருங்கள். 2019-இல் வைத்தது. வெவ்வேறு காலத்து அகதிகளும் புலம்பெயர்ந்தவர்களுமாக 140 பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், நடுவிலிருந்து ஒரு சம்மனசின், அதாவது வானதூதரின், இறக்கைகள் மட்டும் தெரிகின்றன. தூண் வரிசைக்குப் பின்னால் வீடற்றவர்கள் குளிப்பதற்கான அறைகளை 2015-இல் திறந்தார்கள். அது பார்வைக்குரிய இடமல்ல, அங்கே போய் எட்டிப் பார்க்க வேண்டாம்.

வீட்டிலுள்ளவர்களுக்குத் திருத்தந்தையின் ஆசீர் வரைந்த தாள் வாங்க ஆசைப்பட்டால் சுற்றியுள்ள கடைகளில் கேட்காதீர்கள். திருத்தந்தையின் அறப்பணி அலுவலகம் மட்டுமே அதை வழங்குகிறது, வருமானம் ஏழைகளுக்குப் போகிறது. ஊரிலிருந்தபடியே அதன் இணையதளத்தில் கேட்டு வாங்கலாம்.

மதியத்திலிருந்து அந்தக் காலி நான்கு மணி நேரம். முதல் பயணத்தில் அந்த மூதாட்டியைக் கடந்து போன வாசலுக்கு இரண்டாவது முறை போனேன். அவர் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த படியில் ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இருவருக்கும் பொதுவான மொழி பத்துச் சொல்கூட இல்லை. தன் மகளின் படத்தை எடுத்துக் காட்டினார்.

10. கிளம்புவதற்கு முன்

விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஃபியுமிசினோவில் இருக்கும்படி கணக்கிடுங்கள். காசுப் பையை ஊருக்குள்ளேயே காலி செய்துவிடுங்கள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோனால் அது சாக்லேட்டாக மாறிவிடும். மிச்சம் இருந்தால் ரயில் ஏறும் முன் வழியில் உள்ள ஆலயத்தில் ஏழைகளுக்கான உண்டியல் எது என்று கேட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்று சமாரியர் விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ரயிலில் உட்கார்ந்ததும் கைப்பேசி நாள்காட்டியைத் திறந்து, ஆறு மாதம் கழித்து ஒரு தேதியில் அந்த அமைப்பின் பெயரையும் தொகையையும் குறித்துவையுங்கள். இறங்கிய பிறகு என்று தள்ளிவைத்தால் மறந்துபோகும்.